பானையும் உதயசூரியனும்: தமிழகத் தேர்தல்களில் சிறு கட்சிகள்

2019 மக்களவைத் தேர்தலில் திமுக கூட்டணியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்கு (விசிக) கிடைத்தவை சிதம்பரம், விழுப்புரம் என்ற இரண்டு தனித் தொகுதிகள். இரண்டிலும் வன்னியரும் பட்டியல் சாதியினரும் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். இரண்டிலும் அரசியல் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். சிதம்பரத்தில் தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார், எதிரே அதிமுகவின் இரட்டை இலை. விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார், எதிரே பாமகவின் மாம்பழம். ரவிக்குமார் 1,28,068 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். திருமாவளவனோ கடைசிச் சுற்றுவரை இழுபறியாகி 3,219 வாக்கில் கரையேறினார்.

அந்தத் தேர்தல் முடிந்ததும் எல்லோரும் சொன்ன பாடம் ஒன்றுதான்: தெரிந்த சின்னத்தில் நின்றவர் அலுங்காமல் ஜெயித்தார், தெரியாத சின்னத்தில் நின்றவர் மயிரிழையில் தப்பினார். பெரிய கட்சிகள் தொகுதிப் பங்கீட்டு மேசையில் இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தவறியதில்லை. ‘சீட் தருகிறோம், எங்கள் சின்னத்தில் நில்லுங்கள்.’

2024இல் ரவிக்குமாரும் பானைக்கு மாறினார். இந்தத் தடவை வித்தியாசம் தலைகீழானது. சிதம்பரத்தில் 1,03,554, விழுப்புரத்தில் 70,703. பானை ஐந்தே ஆண்டில் சிதம்பரத்து மக்கள் மனதில் பதிந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் வித்தியாசத்தை விட்டுவிட்டு, வாங்கிய வாக்கைப் பாருங்கள். திருமாவளவன் 2019இல் பெற்றது 5,00,229, 2024இல் 5,05,084. ஐந்தாயிரம்கூடக் கூடவில்லை. மாறியது எதிரணி. 2019இல் அதிமுக, பாமக, பாஜக ஒரே அணி. 2024இல் அதிமுக தனி, பாமகவும் பாஜகவும் தனி. அதிமுக நான்கு லட்சத்துச் சொச்சத்தில் நின்றுவிட, பாஜக வேட்பாளர் 1.6 லட்சத்துக்கு மேல் கொண்டுபோனார். விழுப்புரத்தில் ரவிக்குமாரின் வாக்கு 5,59,585இலிருந்து 4,77,033ஆகக் குறையவே செய்தது; அங்கே அதிமுகவும் பாமகவும் எதிரெதிரே நின்று பிரித்துக்கொண்டதால் கரைசேர்ந்தார். அந்த இரண்டு அணிகளின் வாக்கைக் கூட்டிப் பார்த்தால் இரு தொகுதிகளிலுமே விசிக பின்தங்கியிருக்கும். கூட்டல் கணக்கு அப்படியே களத்தில் நடக்காது என்பது வேறு விஷயம். ஆனால் விசிக பக்கத்தில் இருந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தேர்தல் ஆணைய விதிப்படி, மாநிலக் கட்சி அங்கீகாரம் பெறும் வழிகளில் ஒன்று, 25 மக்களவைத் தொகுதிக்கு ஒருவர் என்ற கணக்கில் உறுப்பினர்களைப் பெறுவது. மீதியிருந்தால் அதற்கும் ஒருவர். 39 தொகுதி உள்ள தமிழ்நாட்டுக்கு இரண்டு பேர் தேவை. விசிகவுக்குச் சரியாக இரண்டு பேர் கிடைத்தார்கள், கால் நூற்றாண்டுத் தேர்தல் வாழ்க்கையில் முதன்முறையாக அங்கீகாரமும் கிடைத்தது. நட்சத்திரம், மெழுகுவர்த்தி, மோதிரம் என்று தேர்தலுக்குத் தேர்தல் புதுச் சின்னத்தை ஊர் ஊராக அறிமுகப்படுத்திச் சலித்த கட்சிக்கு நிலையான சின்னம் வந்தது, அதன் பரம எதிரியான பாமக அதிமுகவோடு சேராமல் பாஜகவோடு சேர்ந்ததால். சிறு கட்சிகளின் செல்வாக்கை மதிப்பிட விரும்புகிறவர் அவை வாங்கும் வாக்குச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. அவை எங்கே நிற்கின்றன என்பதைவிட, எந்தப் பக்கம் நிற்கவில்லை என்பது பல தேர்தல்களைத் தீர்மானித்திருக்கிறது.

சின்னம் பற்றிய பயம் முழுப் பொய்யல்ல. விழுப்புரத்தில் சூரியனிலிருந்து பானைக்கு மாறியபோது குறைந்த எண்பதாயிரத்தில் ஒரு பங்கு அதன் கணக்கில்தான் சேர வேண்டும். ஆனால் அந்தப் பயம் இன்று மிகைப்படுத்தப்படுகிறது. அதே 2024 தேர்தலில் திருச்சியில் மதிமுகவின் துரை வைகோ நின்றார். ஒரே தொகுதியில் போட்டியிடும் கட்சிக்குப் பொதுச் சின்னச் சலுகை கிடையாது என்று ஆணையம் அக்கட்சியின் பம்பரச் சின்னத்தைத் தர மறுத்தது. திமுக சின்னத்தில் நிற்கவும் மதிமுக இசையவில்லை. கடைசியில் தீப்பெட்டி ஒதுக்கப்பட்டது. வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம்கூட இல்லை. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கைப்பேசியில் சின்னம் வீடு வீடாகப் போய்ச் சேரும் காலத்தில், கூட்டணிக் கட்சியின் பூத் ஏஜென்ட்டுகள் மனம்வைத்து வேலைசெய்தால் தீப்பெட்டியும் ஜெயிக்கும்.

பிறகு ஏன் தன் சின்னத்தில் நிற்கச் சொல்லிப் பெரிய கட்சி பிடிவாதம் பிடிக்கிறது? விடை வாக்குச்சாவடியில் இல்லை, அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணையில் இருக்கிறது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, எந்தக் கட்சி ஒருவரை வேட்பாளராக நிறுத்தியதோ அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகவே அவர் கருதப்படுவார். உதயசூரியனில் நிற்க வேண்டுமானால் திமுக தலைமை கையெழுத்திட்ட பி ஃபார்ம் வேண்டும். அந்தக் காகிதம் தாக்கலான கணத்திலிருந்து அவர் சட்டத்தின் கண்ணில் திமுககாரர். கொறடா உத்தரவு அவரையும் கட்டுப்படுத்தும். 2021 சட்டமன்றத் தேர்தலில் உதயசூரியன் சின்னத்தில் வென்றவர்கள் 133 பேர். அதில் 125 பேர்தான் திமுகவினர். மீதி எட்டுப் பேரில் நால்வர் மதிமுக, இருவர் மனிதநேய மக்கள் கட்சி, ஒருவர் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, ஒருவர் தமிழக வாழ்வுரிமைக் கட்சி. வெளியே அவர்களுக்குத் தனிக் கொடி, தனிப் பொதுக்குழு, தனித் தலைவர். அவைப் பதிவேட்டில் அவர்கள் இல்லவே இல்லை.

இந்தக் கயிற்றை எப்போதும் இழுக்க வேண்டும் என்பதில்லை. 2019இல் பெரம்பலூரில் உதயசூரியனில் வென்ற பாரிவேந்தர் நிறுவிய இந்திய ஜனநாயகக் கட்சி, 2021இல் கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யத்தோடு சேர்ந்து திமுகவை எதிர்த்து நின்றது. அவர் எம்.பி.யாகவே தொடர்ந்தார். 2024இல் அதே பெரம்பலூரில் தாமரைச் சின்னத்தில் நின்று தோற்றார். மக்களவையில் ஒருவர் போனாலும் வந்தாலும் திமுகவுக்கு ஒன்றுமில்லை என்பதால் விட்டுவிட்டார்கள் போலும். சட்டமன்றத்தில் பெரும்பான்மை நூலிழையில் தொங்கும்போது இந்தத் தாராளம் இருக்காது.

இந்த ஏற்பாட்டின் வேர் பழையது. 1967இல் காங்கிரஸைத் திமுக வீழ்த்தியது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தேர்தலில் தமிழகம் முழுவதும் திமுகவைவிட காங்கிரஸ் கொஞ்சம் அதிக வாக்கு வாங்கியது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காங்கிரஸுக்கு 41.1 சதவீதம், திமுகவுக்கு 40.7. இடங்களோ 51க்கு 137. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்று வாங்கியதை, திமுக 174 தொகுதியில் மட்டும் நின்று வாங்கியது. மற்ற தொகுதிகளை ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்கும், மார்க்சிஸ்ட்டுகளுக்கும், முஸ்லிம் லீக்குக்கும், சோஷலிஸ்ட்டுகளுக்கும் விட்டுக்கொடுத்தார் அண்ணா. வலதுசாரி ராஜாஜியும் மார்க்சிஸ்ட்டுகளும் ஒரே மேடை. கொள்கை பேசியவர்கள் கேலி செய்தார்கள். வாக்கு சிதறாமல் நின்றது. ம.பொ. சிவஞானமும் சி.பா. ஆதித்தனாரும் தத்தம் இயக்கங்களை வைத்துக்கொண்டே உதயசூரியனில் நின்று வென்றார்கள். ஆதித்தனார் சபாநாயகரானார். அமைச்சரவை முழுக்கத் திமுக.

அதற்குப் பதினைந்து ஆண்டு முன்னால் நிலைமை வேறு. 1952இல் சென்னை மாகாண சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. தென்னார்க்காடு, வட ஆர்க்காடு வட்டாரத்தில் வன்னியர்களைத் திரட்டிய இரண்டு கட்சிகள் எழும்பியிருந்தன: எஸ்.எஸ். ராமசாமிப் படையாச்சியின் உழைப்பாளர் கட்சி 19 இடம், எம்.ஏ. மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடம். தேர்தலில் நிற்காத திமுக, திராவிட நாட்டுக் கோரிக்கையை ஏற்றுக் கையெழுத்திட்ட இவர்களுக்கு ஆதரவு தந்திருந்தது. தேர்தல் முடிந்ததும் மாணிக்கவேல் நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில் அமர்ந்தார். 1954இல் காமராஜர் முதல்வரானபோது படையாச்சியும் அமைச்சரானார். இரு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்தன. கரைந்ததைத் துரோகம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஒரு சமூகம் அரசு நிர்வாகத்தின் வாசலுக்கு முதன்முறையாக வந்தது அந்தப் பேரத்தில்தான்.

1952க்கும் 1967க்கும் இடையிலான வேறுபாட்டை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். பெரும்பான்மைக்குத் தேவையானதை விட அதிகமான தொகுதிகளில் நின்று, அதைத் தனியாகவே எட்டிவிடும் கட்சி ஒன்று உருவாகிவிட்டது. இன்றைய 234 பேர் சபையில் அந்த எண் 118. தமிழகத்தின் பெரிய கட்சிகள் தொகுதிப் பங்கீட்டில் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கும், 118ஐ மட்டும் விட்டுக்கொடுக்காது. 1980இல் ஒரே ஒரு தடவை அந்தத் தவறு நடந்தது. மக்களவைத் தேர்தலில் 39இல் 37ஐ அள்ளிய தெம்பில் திமுகவும் இந்திரா காங்கிரஸும் சட்டமன்றத் தொகுதிகளை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. யார் ஆள்வார்கள் என்பதே வாக்காளருக்குக் குழப்பம். சில மாத இடைவெளியில் எம்.ஜி.ஆர். 129 இடங்களோடு திரும்பி வந்தார். 2011இல் திமுக மிக நெருக்கடியில் இருந்தது, காங்கிரஸ் 63 இடங்களைக் கேட்டு வாங்கியது, பாமகவுக்கு 30 போயிற்று. அப்போதும் திமுக தனக்கு வைத்துக்கொண்டது 119. தேவைக்கு ஒன்று கூடுதல்.

2006 தான் விதிவிலக்கு. திமுக 132இல் நின்று 96இல் வென்றது. காங்கிரஸிடம் 34, பாமகவிடம் 18, இரு கம்யூனிஸ்ட் கட்சிகளிடம் 15. ‘மைனாரிட்டி திமுக அரசு’ என்று ஜெயலலிதா ஐந்தாண்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணிக்கைப்படி 1952 திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரித்ததற்குக் காரணம் டெல்லியில் இருந்தது: மன்மோகன் சிங் அரசு திமுகவின் 16 எம்.பி.க்களை நம்பி நின்றது. சென்னையில் பங்கு கேட்டால் டெல்லியில் கணக்குத் தீர்க்கப்படும். பாமகவுக்கும் டெல்லியில்தான் பங்கு. அன்புமணி ராமதாஸ் 2004 முதல் 2009 வரை மத்திய சுகாதார அமைச்சராக இருந்தார். தேசிய ஊரகச் சுகாதார இயக்கமும், பொது இடங்களில் புகைபிடிக்கத் தடையும் அவர் காலத்தில் வந்தவை. வடமாவட்டங்களில் மட்டும் வேர்விட்ட ஒரு கட்சி நாடு முழுவதற்குமான சுகாதாரத் துறையை ஆண்டது, கோட்டையில் ஒரு வாரியத்தைக்கூட ஆளவில்லை. திறமைக் குறைவு என்று இதற்கு யாரும் காரணம் சொல்ல முடியாது. டெல்லியில் அப்போது எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. அவ்வளவுதான்.

வாளையாறு தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 140 இடம், பெரும்பான்மைக்கு 71. இடது முன்னணி 99 இடங்களை வென்ற 2021இல்கூட மார்க்சிஸ்ட் கட்சியின் சொந்தக் கணக்கு 62. அதனால் ஒரே ஒரு எம்.எல்.ஏ. உள்ள கட்சிகளுக்கும் இரண்டரை ஆண்டு, இரண்டரை ஆண்டு என்று முறைவைத்து அமைச்சர் பதவி தரப்பட்டது. 2023 டிசம்பரில் இருவர் இறங்கி இருவர் ஏறினார்கள். கேரள காங்கிரஸின் கே.எம். மாணி 13 பட்ஜெட்டுகளைச் சமர்ப்பித்தார். முஸ்லிம் லீக்கின் சி.எச். முகமது கோயா 1979இல் சில வாரங்கள் முதலமைச்சராகவே இருந்தார். கேரளத்துச் சிறு கட்சிகள் நம்முடையவற்றைவிடக் கொள்கையில் உறுதியானவை என்று நான் நினைக்கவில்லை. கேரள காங்கிரஸ் எத்தனை எழுத்துகளாக உடைந்தது என்பதை மலையாளிகளே எண்ணிச் சலித்துவிட்டார்கள். அங்கே பெரியவர்கள் சிறுத்திருக்கிறார்கள், அதனால் சிறியவர்களுக்கு நாற்காலி இருக்கிறது.

பங்கு இல்லை என்று தெரிந்தும் இங்கே சிறு கட்சிகள் ஏன் அணி மாறி மாறி நிற்கின்றன? பாமகவின் பாதையைப் பார்த்தால் விளங்கும். 1998இல் அதிமுக, 1999இல் திமுக, 2001இல் அதிமுக, 2004லும் 2006லும் திமுக. ஐந்து தேர்தலிலும் வென்ற அணி. காற்று அடிக்கும் பக்கம் பார்த்துத் தாவினார்களா, அவர்கள் தாவியதால் காற்று மாறியதா என்பது அந்நாள் டீக்கடைகளின் நிரந்தர விவாதம். ஐந்து, ஆறு சதவீத வாக்கு மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் அது எதற்கும் உதவாது. விழுப்புரம், கடலூர், தருமபுரி, சேலம் என்று குவிந்து கிடந்தால் சில டஜன் தொகுதிகளில் அதுதான் தீர்ப்பு. 2010 மார்ச்சில் பென்னாகரம் இடைத்தேர்தலில் பாமக தனித்து நின்றது. ஆளுங்கட்சியான திமுக ஜெயித்தது, பாமக இரண்டாவது, எதிர்க்கட்சியான அதிமுக மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. அடுத்த ஆண்டே திமுக அவர்களுக்கு 30 தொகுதி ஒதுக்கியதன் பின்னால் அந்த இடைத்தேர்தல் இருந்தது.

அதே பலம் தனித்து நின்றால் ஒன்றுமில்லை. 2016இல் ‘மாற்றம், முன்னேற்றம், அன்புமணி’ என்று மாநிலம் முழுக்க நின்ற பாமக 5.3 சதவீதம் வாங்கியது. ஓர் இடமும் இல்லை. பென்னாகரத்தில் அன்புமணியே தோற்றார். அந்தத் தேர்தலில் கூட்டணி ஆட்சி என்ற ஒரே கோரிக்கையை முன்வைத்து மக்கள் நலக் கூட்டணி நின்றது. மதிமுக, விசிக, இரு கம்யூனிஸ்ட் கட்சிகள், பிறகு தேமுதிகவும் தமிழ் மாநில காங்கிரஸும். ஆறு கட்சி சேர்ந்து ஆறு சதவீதம். காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் 87 வாக்கில் தோற்றார். அதே தொகுதியில் திமுக அணியின் காங்கிரஸ் வேட்பாளர் முப்பதாயிரத்துக்கும் மேல் வாங்கியிருந்தார். மாநில அளவில் அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் இடையே ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான் இடைவெளி. மக்கள் நலக் கூட்டணிக்கு விழுந்த வாக்கில் சிறு பகுதி திமுக பக்கம் சாய்ந்திருந்தாலும் ஆட்சி மாறியிருக்கலாம். ஜெயலலிதா மீண்டும் முதல்வராவதற்கு, அவரோடு சேராதவர்களே உதவினார்கள். ‘அதிமுகவின் பி டீம்’ என்று அவர்களைத் திட்டியவர்கள், 2017க்குப் பிறகு அவர்களில் பலரைத் தங்கள் அணிக்குள் அழைத்துக்கொண்டார்கள். திட்டியதைவிட அழைத்ததுதான் சரியான அரசியல்.

தேமுதிகவின் கதையை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கூட்டணி ஒரு கட்சியை எப்படி உயர்த்தி எப்படி முடிக்கும் என்பதற்கு அதைவிடத் துலக்கமான சான்று இல்லை. 2005இல் மதுரையில் விஜயகாந்த் கட்சி தொடங்கினார். 2006இல் தனித்து நின்று 8.4 சதவீதம், ஒரே இடம். 2009 மக்களவையில் 10 சதவீதம், இடமில்லை. ‘தெய்வத்தோடும் மக்களோடும்தான் கூட்டணி’ என்ற பேச்சு அந்தப் பத்துச் சதவீதத்துக்கு அடிப்படை. இரண்டு கழகமும் வேண்டாம் என்றவர்கள் தேமுதிகவின் முரசுச் சின்னத்தில் குத்தினார்கள். 2011இல் அதிமுகவோடு சேர்ந்து 41இல் நின்று 29இல் வென்றார். திமுகவுக்கு 23. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர். சிறு கட்சி ஒன்றுக்கு இவ்வளவு பெரிய வெற்றி தமிழகத்தில் அரிது. அங்கிருந்து சரிவு. சட்டமன்றத்தில் ஜெயலலிதாவோடு மோதல்; எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக ‘தொகுதி வளர்ச்சிக்காக’ முதல்வரைச் சந்தித்து விலகி நின்றார்கள். 2016 தொடக்கத்தில் அவர்கள் ராஜினாமா செய்ததும் எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் போயிற்று. அந்த ஆண்டுத் தேர்தலில் 2.4 சதவீதம், உளுந்தூர்பேட்டையில் விஜயகாந்துக்கே டெபாசிட் காலி. 2021இல் அரை சதவீதம்கூட இல்லை. பாமகவுக்கும் விசிகவுக்கும் பின்னால் ஒரு சமூகம் இருந்தது, அணி மாறினாலும் கூடவே வந்தது. தேமுதிகவுக்குப் பின்னால் இருந்தது ஒரு மறுப்பு மட்டும். மறுத்ததோடு கை கோத்தபின் அந்த வாக்காளருக்கு அங்கே வேலை இல்லை.

சீமானின் நாம் தமிழர் கட்சி இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். 2016இல் ஒரு சதவீதம், 2021இல் 6.6, 2024இல் 8.2. கூட்டணி இல்லை, ஒரு தொகுதியும் இல்லை, பாதி வேட்பாளர்கள் பெண்கள். 2024இல் கரும்பு விவசாயி சின்னம், முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலில் என்ற விதியால் கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு கட்சிக்குப் போய்விட, மைக் சின்னத்தில் நின்றும் வாக்கு கூடியது. எட்டு சதவீதம் தாண்டினால் இடம் இல்லாமலே அங்கீகாரம் என்ற விதியில் மாநிலக் கட்சியானது. வளர்ச்சிதான். ஆனால் பேரத்துக்கு வராத வாக்கை எந்தப் பெரிய கட்சியும் விலை வைத்துப் பார்க்காது. அந்த எட்டு சதவீதத்தால் ஒரு சட்டமோ அரசாணையோ இதுவரை அசைந்ததாகத் தெரியவில்லை.

சட்டம் அசைந்த தருணங்கள் வேறு மாதிரி. மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீத இட ஒதுக்கீடு 1989 தொடக்கத்தில் ஆட்சிக்கு வந்த கலைஞர் அரசு தந்தது. பாமக தொடங்கப்பட்டது அந்த ஆண்டு ஜூலையில். அதாவது வன்னியர் சங்கம் பெற்ற மிகப் பெரிய பலன், 1987 செப்டம்பர் சாலை மறியலில் 21 பேர் உயிரைக் கொடுத்துப் பெற்றது, கட்சி பிறக்கும் முன்பே கைக்கு வந்துவிட்டது. முப்பது ஆண்டுத் தேர்தல் அரசியலுக்குப் பிறகு கூட்டணிப் பேரத்தில் வந்தது வன்னியருக்கான 10.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021 பிப்ரவரி 26 அன்று சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. அன்றே தேர்தல் தேதியும் அறிவிக்கப்பட்டது. நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அடுத்த மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. போதிய தரவு இல்லாமல் செய்யப்பட்டது என்பது நீதிமன்றங்கள் சுட்டிய குறைகளில் ஒன்று. அவசரத்தில் எழுதிய சட்டம் அப்படித்தான் இருக்கும். பாமகவுக்கு அந்தத் தேர்தலில் 23க்கு 5; தென் மாவட்டங்களில் இந்தச் சட்டமே அதிமுகவுக்கு எதிரான பேச்சாக மாறியது.

பேரத்தின் இன்னொரு நாணயம் பணம். 2019 தேர்தல் செலவுக் கணக்கைத் திமுக ஆணையத்திடம் கொடுத்தபோது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி ரூபாயும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும் கொடுத்தது அதில் இருந்தது. வங்கி வழியாக, கணக்கோடு, கூட்டணியின் தேர்தல் செலவுக்காக வந்த பணம் என்று இடதுசாரிகள் விளக்கினார்கள். சட்டப்படி குற்றமில்லை, ஒளித்துக் கொடுப்பதைவிட எழுதிக் கொடுப்பது நேர்மையும்கூட. ஆனால் உண்டியல் குலுக்கியே வளர்ந்த கட்சிகளின் தொண்டர்களுக்கு அந்தச் செய்தி எளிதில் செரித்திருக்காது. அதன்பின் ஆளுங்கட்சியை எதிர்த்துப் போராட்டம் நடத்தும்போதெல்லாம் எதிர்த்தரப்பு அந்தத் தொகையை நினைவூட்டுகிறது.

தலைவர்கள் மட்டத்தில் இந்தப் பேரம் கண்ணியமாக முடிந்துவிடும். உள்ளூரில் முடியாது. 2022 மார்ச்சில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மறைமுகத் தேர்தல் நடந்தபோது, கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர், துணைத் தலைவர் பதவிகள் பலவற்றைத் திமுகவினரே போட்டி போட்டுப் பிடித்துக்கொண்டார்கள். நெல்லிக்குப்பம் நகராட்சித் தலைவர் பதவி விசிகவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. திமுக உறுப்பினர் ஒருவர் நின்று வென்றார். தலைமை அறிவித்த பட்டியல் கடலூரில் ஒருவிதமாகவும் நெல்லிக்குப்பத்தில் வேறுவிதமாகவும் வாசிக்கப்பட்டது. மு.க. ஸ்டாலின் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, அப்படி வென்றவர்கள் பதவி விலகித் தன்னை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார். சிலர் விலகினார்கள். சிலர் விலகவில்லை, அவர்களுக்கு எதிராகக் கூட்டணிக் கட்சிகள் செய்யக்கூடியது அறிக்கை விடுவது மட்டும்தான், ஏனென்றால் அடுத்த மக்களவைத் தேர்தலின் தொகுதிப் பங்கீட்டுக்கு அப்போது இரண்டே ஆண்டு இருந்தது.